மூன்று தடவை கேட்டால்தான் சோறு

ஸ்பானிஷ் மொழியில் நான் முதன்முதலாகச் சுத்தமாகப் பேசக் கற்றுக்கொண்டது இரண்டே சொற்கள். "நோ, கிராசியாஸ்." வேண்டாம், நன்றி. உச்சரிப்பு அப்படி ஒரு கச்சிதம். பூர்கோஸ் நகரத்தில் நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் முதல் நாளே கையைத் தட்டி, "அடடே, இந்தப் பொண்ணு நம்ம ஊர்க்காரி மாதிரியே பேசுதே!" என்று பாராட்டினார். பாராட்டிவிட்டுக் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு சொற்களால் என் படிப்பே கையை விட்டுப் போகப் பார்த்தது.

அந்த அம்மாள் பேசியதையெல்லாம் என் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். அவர் பேசினது ஸ்பானிஷ்தான். ஆனால் இத்தனை வருஷம் கழித்து நினைத்துப் பார்க்கும்போது என் காதில் அப்படித்தான் விழுகிறது. நான் என்ன செய்ய?

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊர் ஏலாக்குறிச்சிக்குப் பக்கம். அப்பா கொத்தனார். அம்மா நடவு, களையெடுப்பு என்று ஊர்க்காரர்கள் வயலுக்குப் போவாள். எங்களுக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. பெரம்பலூரில் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது முடித்தேன். மார்க்கைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கத்துக் கன்னியாஸ்திரிகள், "ஸ்பெயினில் நர்ஸ் படிப்பு, மூணு வருஷம், செலவெல்லாம் அவங்களே பாத்துப்பாங்க, போறியா?" என்று கேட்டார்கள். நான் யோசிப்பதற்குள் அப்பா தலையாட்டிவிட்டார்.

"பாஷை தெரியாதேப்பா" என்றேன்.

"நம்ம ஏலாக்குறிச்சிக் கோயில்ல இருந்த வெள்ளைக்காரச் சாமியார் என்ன தமிழ் தெரிஞ்சிக்கிட்டா கப்பல் ஏறினாரு? இங்க வந்து கத்துக்கிட்டாரு, நம்மாளுங்க வாயடைச்சுப் போற அளவுக்கு எழுதினாரு. நீ ஊசி போடுற அளவுக்காவது கத்துக்க மாட்டியா?" என்றார் அப்பா. அந்தச் சாமியார் ஸ்பெயின்காரர் இல்லை என்பது எனக்கும் தெரியும். அப்பாவுக்குக் கடல் தாண்டினால் எல்லாம் ஒரே ஊர்தான்.

அம்மா வேறு கவலையில் இருந்தாள். அரியலூர் ஸ்டேஷனில் ரயில் வரும் வரைக்கும் என் காதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். "அடுத்தவங்க வூட்டுல தங்கப்போற. சோறு போடட்டுமான்னு கேட்டா உடனே தட்டை நீட்டிராத. காணாததக் கண்ட மாதிரி அலையுதுன்னு சொல்லிருவாங்க. ஞாபகம் வச்சுக்க."

ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. அது எனக்குப் பால்குடியிலிருந்தே ஊறியது. எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் வழக்கம் இதுதான். "சாப்பிடுங்க" என்பார்கள். "இல்லங்க, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று சொல்ல வேண்டும், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தாலும். "அட, ஒரு வாய் சாப்பிடுங்க" என்பார்கள். "வேணாங்க, வயிறு நெறஞ்சு கெடக்கு" என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை அவர்கள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்கள். அப்போதுதான் உட்கார வேண்டும். இலையில் இரண்டாம் முறை சோறு வைக்க வரும்போது இரண்டு கையையும் குறுக்கே வைத்து மறிக்க வேண்டும். பரிமாறுகிறவர் கையை விலக்கிப் போட்டுவிட்டுப் போவார். நாமாக எடுத்துப் போட்டுக்கொள்வது என்ற பேச்சுக்கே இடமில்லை.

எங்கள் வீட்டில் இது இன்னும் ஒரு படி அதிகம். காரணம் இருந்தது. நடவு முடிந்து கூலி வாங்கப் போகும்போது, நிலத்துக்காரர் வீட்டில் சில சமயம், "சோறு மிஞ்சிக் கெடக்கு, தின்னுட்டுப் போறியா?" என்று கேட்பார்கள். அம்மா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "வேணாங்க, சாப்பிட்டுத்தான் வந்தோம்" என்பாள். அங்கே யாரும் இரண்டாவது தடவை கேட்டதில்லை. திரும்பி வரும்போது வரப்பில் அம்மா சொல்வாள்: "மனசாரக் கேக்குறவங்க மூணு தடவ கேப்பாங்க. அவங்க கையால தின்னா போதும்." எனக்குப் பசியில் கண் இருட்டிக்கொண்டு வரும். ஆனாலும் அம்மாவின் நடையில் இருந்த மிடுக்கு எனக்குப் பிடிக்கும். நானும் அதே போலத் தலையை நிமிர்த்திக்கொண்டு நடப்பேன்.

அந்தத் தலையை அப்படியே நிமிர்த்திக்கொண்டு நான் பூர்கோஸுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

போன புதிதில் எல்லாம் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. குளிர் மட்டும் கொஞ்சம் ஓவர். அரியலூர்ச் சுண்ணாம்பு வெயிலில் வளர்ந்தவளுக்கு அக்டோபர் மாதமே பல் தந்தியடித்தது. வீட்டுக்கார அம்மாள் செத்துப்போன தன் கணவரின் கம்பளிக் கோட்டை எடுத்துக் கொடுத்தார். அவர் ரயில்வேயில் வேலை பார்த்த நல்ல உயரமான மனிதர். கோட்டைப் போட்டுக்கொண்டால் என் கணுக்கால் வரைக்கும் வந்தது. தெருவில் நான் போனால் கோட்டு மட்டும் தனியாக நடந்து போகிறதென்று என் அறைத்தோழி சிரிப்பாள்.

அந்த அறைத்தோழியும் என்னைப் போல நர்ஸ் படிக்க வந்தவள். பக்கத்துக் கிராமத்துக்காரி, விவசாயி மகள். சர்க்கரை காய்ச்சுகிற பீட்ரூட் கிழங்கு போடுகிற குடும்பம். வாயைத் திறந்தால் மூடமாட்டாள். அவள் பேசுகிற வேகத்துக்கு முன்னால் எங்கள் ஊர்க் குழாயடி தோற்றுவிடும். அவளிடம் திட்டு வாங்கித்தான் எனக்குப் பாதி ஸ்பானிஷ் வந்தது.

மீதிப் பாதி மொழி வகுப்பில். ஜனவரியில் நர்ஸ் வகுப்பு தொடங்கும். அதுவரைக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் காலையெல்லாம் ஸ்பானிஷ் பாடம். அங்கே நான் ராணி. மற்ற நாட்டுப் பிள்ளைகள் 'ர'வை உருட்ட முடியாமல் தொண்டையைக் காறிக்கொண்டிருந்தபோது நான் சர்வ சாதாரணமாக உருட்டிக் காட்டினேன். வாத்தியார் என்னை எழுப்பி நிற்க வைத்து, "எல்லாரும் இவ நாக்கப் பாருங்க" என்றார். ஐந்து நிமிஷம் வாயைத் திறந்தபடி நின்றேன். பெரியவர்களுக்கு ஒரு 'நீங்க', சின்னவர்களுக்கு ஒரு 'நீ' என்று அந்த மொழியிலும் இருந்தது. அடி சக்கை, இது நம்ம சரக்குதானே என்று சந்தோஷப்பட்டேன்.

சோற்றில்தான் எல்லாம் கெட்டது.

அந்த ஊரில் மத்தியானச் சாப்பாடு இரண்டரை மணிக்கு. எனக்குப் பன்னிரண்டு மணிக்கே வயிறு கூப்பாடு போடும். இரண்டரைக்கு வீட்டுக்கு ஓடி வந்தால் மேஜை நடுவில் ஆவி பறக்கப் பெரிய சட்டி இருக்கும். ஒரு நாள் பயற்றுக் குழம்பு, ஒரு நாள் கொண்டைக்கடலையும் கறியும், ஒரு நாள் பூண்டு போட்ட சூப். வாசனையே ஆளைத் தூக்கும். வீட்டுக்கார அம்மாள் கரண்டியை எடுத்து, "எவ்வளவு போடட்டும்?" என்பார். "கொஞ்சம்" என்பேன். அவர் கொஞ்சம்தான் போடுவார். நிஜமாகவே கொஞ்சம். நாலு வாயில் முடிந்துவிடும். "இன்னும்?" என்பார். நான் முகத்தை மலர வைத்துக்கொண்டு, "நோ, கிராசியாஸ்" என்பேன். இரண்டாவது தடவைக்காகக் காத்திருப்பேன். சட்டி உள்ளே போய்விடும்.

ரொட்டி என் மூக்குக்கு நேரே முழுசாக இருக்கும். யாரும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். அறைத்தோழி பாட்டுக்குப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருப்பாள். பரிமாறாத பண்டத்தில் நானாகக் கை வைப்பதா? செத்தாலும் மாட்டேன். ஆனால் மனசுக்குள் அந்த வீட்டையே சபித்தேன். 'ஒரு பேச்சுக்கு வேணாம்னா அப்படியே வுட்டுர்றதா? மனுஷங்களா இவங்க?'

ஒரு ஞாயிறு அறைத்தோழி ஊரிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். பிரித்துப் பார்த்தால் கறுப்பாக, குழாய் மாதிரி ஏதோ ஒன்று. பன்றி ரத்தத்தில் அரிசியைப் போட்டு வேக வைத்துக் குடலில் அடைத்தது என்று விளக்கினாள். நான் அருவருப்பேன் என்று நினைத்தாள் போல. எனக்கோ ஆட்டு ரத்தப் பொரியல் நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது. அதுவும் உள்ளே அரிசி! ஊரைவிட்டு வந்து நான் பார்த்த முதல் அரிசி அதுதான். அவள் துண்டு போட்டு வறுத்தாள். தட்டை என் பக்கம் தள்ளி, "வேணுமா?" என்றாள்.

"நோ, கிராசியாஸ்."

பாவி மகள், ஒன்று விடாமல் என் கண் முன்னாலேயே தின்று முடித்தாள். கடைசித் துண்டை வாயில் போட்டுவிட்டு விரலைச் சப்பினாள். எங்கள் ஊராக இருந்தால் இதற்கு மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றிருக்கும்.

பாலத்துப் பக்கம் ஒரு கிழவர் கணப்பில் கொட்டை சுட்டு விற்பார். தின்றால் சுட்ட பலாக்கொட்டை மாதிரியே இருக்கும். கைச்செலவுக்குக் கிடைத்த காசையெல்லாம் அவரிடம் கொடுத்துத் தின்றேன். அதுவும் எத்தனை நாளைக்கு? நவம்பர் தொடக்கத்திலேயே கோட்டுக்குள் நான் இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஊரிலிருந்து போட்டுக்கொண்டு வந்த கண்ணாடி வளையல் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரைக்கும் ஓடியது. ஆனால் வீட்டுக்குக் கடிதம் எழுதும்போது, 'இங்கே நல்ல சாப்பாடு. தினமும் கறி' என்று எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை. சாப்பாடு நல்ல சாப்பாடுதான். என் தட்டுக்குத்தான் வரவில்லை.

அம்மா சொல்ல அப்பா எழுதிய பதில் கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது. 'கறி என்று பறக்காதே. அவர்கள் கேட்டாலும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல். நம்மைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.' அந்தக் கடிதத்தை மடித்துத் தலையணைக்கடியில் வைத்தேன். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

கடிதம் வந்த இரண்டாம் நாள் நர்ஸ் பள்ளிக்குப் பொறுப்பான சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனால், அங்கே வீட்டுக்கார அம்மாளும் உட்கார்ந்திருந்தார். கையில் கைக்குட்டை. அழுதிருந்தார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சிஸ்டர் என்னை எடை பார்க்கும் கருவியில் ஏறச் சொன்னார். முள்ளைப் பார்த்தார். நான் வந்த அன்று எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"இவ எதையும் தொட மாட்டேங்குறா சிஸ்டர்" என்று வீட்டுக்கார அம்மாள் ஆரம்பித்தார். "நானும் மாத்தி மாத்திச் சமைச்சுப் பாத்துட்டேன். என் சமையலைத் தின்னுட்டு ஒருத்தர்கூடக் குறை சொன்னதில்ல. இவ நாலு வாய் தின்னுட்டு வேணாங்குறா. சிரிச்சுக்கிட்டே வேணாங்குறா! என் வீட்டுல ஒரு பிள்ளை பட்டினி கெடந்து செத்துச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

சிஸ்டர் மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னார். வீட்டு ஏக்கம் வந்தால் சில பிள்ளைகளுக்குச் சோறு இறங்காது, அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் நர்ஸ் வேலைக்கு உடம்பில் தெம்பு வேண்டும். கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்போம். எடை ஏறவில்லையென்றால் ஊருக்கு அனுப்பிவிடுவது நல்லது.

ஊருக்கா! அரியலூர் ஸ்டேஷனில் என்னை வழியனுப்பத் தெருவே திரண்டு வந்திருந்தது. அப்பா முதன்முதலாகச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் தெருவிலிருந்து கடல் தாண்டிய முதல் ஆள் நான். மூன்றே மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்து இறங்கினால், அம்மா தலை குனிந்து நடவுக்குப் போவாள். நானும் பக்கத்தில் நாற்றுக்கட்டோடு போவேன். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லப் பார்த்தேன். 'எனக்குப் பிடிக்கிறது, எனக்கு வேண்டும், ஆனால் எங்கள் ஊரில்...' அதற்கு மேல் சொல்ல எனக்கு ஸ்பானிஷ் போதவில்லை. 'ர'வை உருட்டத் தெரிந்தால் மட்டும் போதுமா? கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னேன். இரண்டு பேரும் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

சிஸ்டர் எழுந்து அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினார். வெண்ணெய் வாசனை குப்பென்று அடித்தது.

"நோ, கிராசியாஸ்" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதை நான் சொல்லவில்லை. என் வாய் சொன்னது. சிஸ்டர் வீட்டுக்கார அம்மாளைப் பார்த்தார். வீட்டுக்கார அம்மாள், "பாத்தீங்களா?" என்பது போலக் கையை விரித்தார். டப்பா மூடப்பட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாமா என்றிருந்தது.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் உறுதியோடு உட்கார்ந்தேன். 'இன்னிக்கு "ஆமா"ன்னு சொல்லியே தீரணும்.' வீட்டுக்கார அம்மாள் கரண்டியைக் கையில் எடுத்தார். "இன்னும்?" என்றார். நான் வாயைத் திறந்தேன். அரியலூர் ஸ்டேஷனில் அம்மாவின் முகம் முன்னால் வந்து நின்றது. வெறுமனே தலையைக் குனிந்துகொண்டேன். இப்படியே மூன்று நாள். ஒரு "ஆமா" சொல்வதற்கு இவ்வளவு கஷ்டமா என்று இப்போது கேட்பவர்கள் கேட்கட்டும். அவர்கள் நிலத்துக்காரர் வீட்டு வாசலில் நின்றவர்கள் இல்லை.

டிசம்பரில் பனி கொட்டியது. ஒரு நாள் வீட்டுக்கார அம்மாள் ரொட்டி வாங்கப் போனவர் தெருவில் வழுக்கி விழுந்து வலது கை மணிக்கட்டைப் பிசகிக்கொண்டார். கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அறைத்தோழி ஊருக்குப் போயிருந்தாள். அடுப்படிப் பக்கம் போக ஆளில்லை. "நான் சமைக்கிறேன் செனோரா" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திங்காதவள் என்ன சமைப்பாள் என்று நினைத்திருப்பார்.

அம்மா கட்டிக் கொடுத்த மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் பெட்டிக்கடியில் அப்படியே இருந்தன. கோழி வாங்கினேன். வெங்காயம், தக்காளி, பூண்டு எல்லாம் வீட்டிலேயே இருந்தது. கடையில் அரிசியும் கிடைத்தது. மூன்று மாதக் கோபத்தையும் சேர்த்து வதக்கினேன். குழம்பு கொதித்து வந்தபோது வீட்டுக்கார அம்மாள் வாசனை பிடித்துக்கொண்டு வந்து கதவருகே நின்றார். "என்னடி இது, தெருவுக்கே மணக்கும் போலருக்கே" என்றார்.

அவரை உட்கார வைத்துச் சோற்றைப் போட்டுக் குழம்பு ஊற்றினேன். முதல் வாய்க்கு இருமினார், கண்ணில் நீர் வந்தது, தண்ணீர் குடித்தார். பிறகு இடது கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு வேக வேகமாகத் தின்ன ஆரம்பித்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தட்டு காலியாவதற்குள் சட்டியோடு போய் நின்றேன்.

"நோ, கிராசியாஸ்" என்றார்.

இது எனக்குத் தெரிந்த விளையாட்டாச்சே! ஒரு கரண்டி சோற்றைப் போட்டேன்.

"போதும்! வேணாம்!"

இரண்டாவது கரண்டியைப் போட்டேன்.

"வேணாங்குறேன்ல பொண்ணே!" என்று கத்திக்கொண்டு அவர் இடது கையைத் தட்டுக்குக் குறுக்கே வைத்தார். எங்கள் பந்தியில் வைப்பார்களே, அச்சு அசலாக அப்படியே வைத்தார். எனக்கு ஒரே சந்தோஷம். கையை ஒதுக்கிவிட்டுக் குழம்பை ஊற்றப்போனேன். அவர் கையை எடுக்கவில்லை. பாதிக் குழம்பு அவர் புறங்கையில் போயிற்று.

"ஐயோ!" என்று அலறி எழுந்தார். நான் பதறிப்போய் முந்தானையைத் தேடினேன். நான் போட்டிருந்தது கோட்டு. கோட்டாலேயே துடைத்தேன். நல்லவேளை, குழம்பு ஆறியிருந்தது.

"ஒனக்குக் கிறுக்கா? நான் வேணாம்னுதானே சொன்னேன்?"

"ஆமா, சொன்னீங்க" என்றேன். "எங்க ஊருல எல்லாரும் வேணாம்னுதான் சொல்வாங்க. ஒண்ணு, வேணாம். ரெண்டு, வேணாம். மூணு, நான் போடுவேன். நீங்க திம்பீங்க." இதை விரல் விட்டு எண்ணி எண்ணித்தான் சொன்னேன். அதற்கு மட்டும் என்னிடம் ஸ்பானிஷ் இருந்தது.

அவர் நின்றபடியே என்னைப் பார்த்தார். புறங்கையிலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. "அப்போ..." என்றார். "நீ வேணாம்னு சொன்னப்பல்லாம்..."

நான் தரையைப் பார்த்தேன்.

"மூணு மாசமா?" என்றார். "மாதாவே, மூணு மாசமா?"

நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து எதிரே உட்கார வைத்தார். அந்த ஊருக்கு வந்து முதல் தடவையாக ஒருவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தார். என் முகத்தை நிமிர்த்தி, "ஒனக்குப் பசிக்குதா? நேராச் சொல்லு" என்றார்.

"தெங்கோ ஆம்ப்ரே" என்றேன். எனக்குப் பசிக்கிறது. வகுப்பில் இரண்டாம் நாளே படித்த வாக்கியம். பெற்ற தாயைத் தவிர வேறு யாரிடமும் எந்த மொழியிலும் நான் அதைச் சொன்னதில்லை. சொன்னதும் தேம்பித் தேம்பி அழுதேன். அவரும் அழுதார். அழுதுகொண்டே இடது கையால் எனக்குச் சோறு போட்டார். மேஜையெல்லாம் சிந்தியது. ஒரு சட்டிச் சோற்றை இரண்டு பேரும் தின்று தீர்த்தோம். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவியதும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மூன்று மாதத்தை நினைத்து நினைத்துச் சிரித்தோம். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

அன்றே கையைக் கழுத்தில் மாட்டிய கோலத்தோடு என்னை இழுத்துக்கொண்டு சிஸ்டரிடம் போனார். வழக்கை முழுசாக, நடிப்போடு, குழம்புக் கறையையும் காட்டி வாதாடினார். சிஸ்டர் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிஸ்கட் டப்பாவை எடுத்து நீட்டினார். நான் இரண்டு எடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எடை பார்க்கும் கருவியில் ஏறினேன். முள்ளைப் பார்த்ததும் சிஸ்டர் என் பெயரை ஜனவரி வகுப்புப் பட்டியலில் எழுதினார்.

அதன் பிறகு மூன்று வருஷமும் அந்த வீட்டில் ஒரு சடங்கு நடந்தது. வீட்டுக்கார அம்மாள் கரண்டியைத் தூக்கி ஒரு விரலைக் காட்டுவார். "வேணாம்" என்பேன். இரண்டு விரல். "வேணாம்" என்பேன். மூன்றாவது விரலை நீட்டி, புருவத்தைத் தூக்கி என்னைப் பார்ப்பார். "சி, செனோரா" என்று, அதாவது "ஆமாங்கம்மா" என்று, தட்டை நீட்டுவேன். அறைத்தோழிக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. கொஞ்ச நாளில் அவளும் விரலைக் காட்ட ஆரம்பித்துவிட்டாள். அவள் அம்மா அந்த அரிசி அடைத்த ரத்தக் குடலை எனக்கென்று தனியாக ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார்.

படிப்பை முடித்துவிட்டு நான் ஊருக்கு வந்தது ஒரு சித்திரை மாதத்தில். அரியலூரில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, வெயிலில் பொசுங்கி வீட்டுக்குள் நுழைந்தால் கருவாட்டுக் குழம்பு வாசனை. அப்பா, தம்பி, நான் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். நான் தட்டு நிறைய வாங்கிக்கொண்டேன். அம்மா, "இன்னுங் கொஞ்சம் போடட்டா?" என்றாள்.

"போடும்மா" என்றேன், முதல் தடவையிலேயே.

அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "ஏன்டி, அந்த வூட்டுல ஒனக்கு ஒழுங்காச் சோறு போடலையா?" என்றாள். எனக்குப் புரையேறிவிட்டது. அந்தக் கதையை அவளிடம் சொல்லக் கூடாதென்று பூர்கோஸிலேயே முடிவு செய்து வைத்திருந்தேன்.

எல்லோரும் எழுந்த பிறகு, "நீ உக்காரும்மா, நான் போடுறேன்" என்றேன்.

"நான் அப்பவே சாப்பிட்டேன்" என்றாள் அம்மா, சட்டியை வழித்துக்கொண்டே.

பிறந்ததிலிருந்து கேட்ட வாக்கியம். தினமும் இதைத்தான் சொல்வாள். நாங்களும் சரி என்று எழுந்து போய்விடுவோம். வாசலில் நிற்கும் அடுத்த தெரு ஆளிடம் மூன்று தடவை கேட்கும் வீடு அது. அம்மாவிடம் இரண்டாவது தடவை கேட்டதாக எனக்கு ஒரு நாள்கூட நினைவில்லை. சட்டியை வழித்த அவள் கையைப் பார்த்தேன். கண்ணாடி வளையல் முழங்கை வரைக்கும் ஓடியது.

நான் ஒரு விரலை நீட்டினேன். "சாப்பிடும்மா."

"வேணாங்குறேன்ல."

இரண்டு விரல். "சாப்பிடும்மா."

"எனக்கு வயிறு நெறஞ்சு கெடக்குடி. என்னடி அது, வெரலக் காட்டுற?"

"எண்ணுறேன்" என்றேன். மூன்றாவது விரலை நீட்டி, கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "மனசாரக் கேக்குறேன்."

அம்மா என் விரல்களைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"இதப் படிக்கத்தான் அம்புட்டுத் தூரம் போனியாக்கும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டாள். "கொஞ்சமாப் போடு."

நான் நிறையப் போட்டேன்.